ஒரு சொல்லுக்குள் மறைந்த மனிதர்: சர் ரோலண்டு ஹில்

சொல்லாக்கம் பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழாத திங்கள் இல்லை. புதிதாய் ஒரு பொருள் வந்து சேர்ந்ததும் அதற்கு என்ன பெயரிடலாம் என்று ஆளுக்கொன்றாய்ச் சொல்வதும், மறுநாளே அவற்றை மறந்துவிட்டுத் தெருவில் வழங்கும் பெயரையே எல்லோரும் சொல்வதும் நமக்குப் பழகிய காட்சிகள். ஆதலின், ஒருவர் ஓர் இதழில் எழுதி முன்வைத்த சொல் உலகெங்கும் ஊன்றிவிட்ட ஒரு செய்தியை இம்மலரில் பதிவது பொருந்தும் என எண்ணுகிறேன். அச்சொல்லின் கதையைச் சொல்லப் புகுந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லாமல் முடிவதில்லை. அவர் அச்சொல்லை ஆக்கியவர் அல்லர். அவர் செய்த செயல்தான் அச்சொல்லின் உட்பொருள்.

அஞ்சல்தலை சேர்ப்போரை ஐரோப்பிய மொழிகள் பலவும் பிலாடெலிஸ்டு என்றும், அக்கலையைப் பிலாடெலி என்றும் வழங்குகின்றன. இச்சொல் 1864ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள், பாரிசில் ஆர்த்தர் மோரி என்ற அஞ்சல்தலை வணிகர் நடத்திய இதழில் பிறந்தது. பிறப்பித்தவர் ஜார்ஜ் எர்ப்பேன் என்னும் பிரெஞ்சுக்காரர். அதற்குமுன் பிரான்சில் இப்பழக்கத்திற்கு வழங்கிய பெயர் தேம்ப்ரோமனி. தேம்ப்ர் என்பது முத்திரை. மனி என்பது பித்து. முத்திரைப் பித்தர் என்று அழைக்கப்படுவதை எவர்தாம் விரும்புவர்? எர்ப்பேன் கிரேக்கத்தை நாடினார். அங்கே அஞ்சல்தலைக்குச் சொல் இல்லை. பொருளே இல்லாதபோது சொல் எங்கிருந்து வரும்? எனவே பொருளின் வடிவத்தை விட்டு, அது செய்யும் வேலையைப் பற்றிக்கொண்டார். தலையொட்டிய கடிதத்தைப் பெறுபவர் காசு தரவேண்டியதில்லை. அது கட்டணம் நீங்கிய கடிதம். கட்டணமும் வரியும் நீங்கிய நிலையைக் கிரேக்கர் அதெலெயா என்றனர். அதன்முன் நேயம் குறிக்கும் பிலோ என்பதைச் சேர்த்தார். கட்டண நீக்கத்தின்மேல் வைத்த காதல் என்று சொல் அமைந்தது.

நம் கல்வெட்டுகளைப் படித்தோர்க்கு அதெலெயா புதிய கருத்தன்று. கோயிலுக்கும் அந்தணர்க்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை இறையிலி என்று சோழர் கல்லில் வெட்டினர். அந்த இறையிலிதான் இந்த அதெலெயா. இரண்டிலும் மற்றோர் ஒற்றுமை உண்டு. ஏதென்சு நகரத்தார் இவ்விலக்கை எல்லோர்க்கும் அளிக்கவில்லை. நகருக்கு நன்மை செய்த சிலர்க்கும் அவர் வழியினர்க்குமே அளித்தனர். கி.மு. 355 அளவில் அச்சலுகைகளை ஒழிக்க லெப்தினீசு என்பவர் சட்டம் கொண்டுவந்தபோது, டெமாஸ்தனீசு அதனை எதிர்த்து வழக்குரைத்தார். சிலர்க்கு மட்டும் உரிய பேறு அது. சிலர்க்கு உரியதாயிருந்த அப்பேற்றை அஞ்சல் துறையில் அனைவர்க்கும் ஆக்கியவர் ரோலண்டு ஹில்.

அவர் 1795ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் ஊஸ்டர் மாவட்டத்துக் கிட்டர்மின்ஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமசு ரைட் ஹில் ஒரு பள்ளியாசிரியர். உயிர்வளியை ஆராய்ந்த ஜோசப் பிரீஸ்ட்லியிடம் ஈடுபாடு கொண்டவர். புதிய எண்ணங்களில் செல்வர், பொருளில் வறியர். குடும்பம் பெரிது. அஞ்சற்காரர் வாயிலில் வந்து நிற்கும் வேளையில் கையில் காசில்லாமற் போய்விடுமோ என்று தாய் சாரா அஞ்சியிருந்ததை மகன் முதுமையிலும் மறக்கவில்லை. கடிதம் வருவதே ஒரு வீட்டில் கவலைக்கிடமாய் இருந்தது என்பது இன்று நமக்கு விளங்காது. அக்காலத்தில் கடிதத்திற்குக் கட்டணம் செலுத்தியவர் பெரும்பாலும் பெறுபவர். யாரோ எழுதுவார்; எங்கிருந்தோ வரும்; இவர் காசு எண்ணி வைத்தாக வேண்டும்.

ரோலண்டு பன்னிரண்டாம் அகவையிலேயே தந்தையின் பள்ளியில் மாணவராகவும் ஆசிரியராகவும் ஆனார். 1819இல் பர்மிங்காமை அடுத்த எட்ஜ்பாஸ்டனில் ஹேசல்வுட் என்ற புதுப் பள்ளிக் கட்டடம் எழுந்தது. அதனை வரைந்தவர் அவரே. அப்பள்ளியில் பிரம்பில்லை. மாணவர் தேர்ந்தெடுத்த குழு விதிகளை இயற்றியது. தவறு செய்தோரை மாணவர் மன்றமே விசாரித்தது. அறைகளுக்கு வெப்பமூட்டும் ஏற்பாடும் நீச்சல் குளமும் ஆய்வுக் கூடமும் இருந்தன. மெய்யியலாளர் பெந்தாம் இப்பள்ளியைப் பெரிதும் மதித்தார். உடன்பிறந்தோர் சேர்ந்து பள்ளி முறையை விளக்கி 1822இல் ஒரு நூலும் வெளியிட்டனர். எல்லாம் மணியடித்தாற்போல் நடந்த பள்ளி என்பர். ஒரு கணக்கும் ஒரு கால அட்டவணையும் இருந்தால் உலகைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே வேரூன்றியது. அந்நம்பிக்கையே அவர் வலிமை. பின்னாளில் பலர் அவரை வெறுத்ததற்கும் அதுவே காரணம்.

1827இல் கரோலைன் பியர்சனை மணந்தார். அவ்வாண்டிலேயே லண்டனை அடுத்த டாட்டன்ஹாமில் புரூஸ் காசில் என்னும் பழைய மாளிகையிலும் பள்ளி தொடங்கியது. ஆனால் ஆசிரியப் பணியில் அவர் களைத்துவிட்டார். தென் ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் அமைக்கும் ஆணையத்தின் செயலாளராகச் சேர்ந்தார். இடையில் ஓர் அச்சு இயந்திரமும் கண்டுபிடித்தார். தாள் தாளாக அன்றி, நீண்ட சுருளிலிருந்து இடையறாது அச்சிடும் உருளை இயந்திரம் அது. 1835இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அது வழக்கிற்கு வரவில்லை. செய்தித்தாளுக்கு அன்று வரி உண்டு. ஒவ்வொரு தாளிலும் வரி முத்திரை குத்தப்பட வேண்டும். அச்சிடும்போதே முத்திரையையும் இயந்திரம் பதித்துவிடட்டும் என்ற வேண்டுகோளைக் கருவூலம் ஏற்கவில்லை. முத்திரையால் புகழ்பெறப் போகிறவரின் முதற் பெருமுயற்சியை ஒரு முத்திரையே தடுத்தது.

அன்றைய அஞ்சல் முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கட்டணம் தொலைவைப் பொறுத்தது. தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் ஒரு ஷில்லிங்கும் ஒன்றரைப் பென்னியும். அதில் அரைப் பென்னி ஸ்காத்லாந்துச் சாலையின் சுங்கம். இரண்டு தாளாயின் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகவே கணக்கிடப்படும். ஆகவே உறையிடுவார் இல்லை, எழுதிய தாளையே மடித்து அரக்கிட்டனர். மறைத்து வைத்த இரண்டாம் தாள் உள்ளே உண்டா என அறிய அஞ்சல் ஊழியர் கடிதத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தனர். எழுதுவோர் தாளை நிரப்பியபின் அதையே திருப்பிக் குறுக்காகவும் எழுதினர். ஒரே பக்கத்தில் இரு கடிதங்கள் சல்லடைபோல் பின்னிக் கிடக்கும். செய்தித்தாள் வரி செலுத்தியதாகையால் அஞ்சலில் கட்டணமின்றிச் செல்லும். அதில் எழுத்துகளின்மேல் ஊசியால் துளையிட்டுத் தம் செய்தியை அனுப்பியோரும் உண்டு. கடிதங்களைக் கள்ளமாகச் சுமந்து செல்வது பல ஊர்களில் ஒரு தொழிலாகவே நடந்தது.

இத்தனை வருத்தமும் எளியோர்க்கே. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரபுக்களுக்கும் அஞ்சலில் முழு விலக்கு. உறையின்மேல் தம் பெயரை எழுதினால் போதும்; கடிதம் காசின்றிச் செல்லும். அவர்கள் தம் நண்பர்க்கும் உறவினர்க்கும் வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்த வழக்கமும் இருந்தது. இறையிலி அன்று அரண்மனை வாயிலோடு நின்றது.

கவிஞர் கோல்ரிட்ஜைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழங்குகிறது. ஏரி நாட்டில் அவர் நடந்து சென்றபோது, ஒரு குடிசை வாயிலில் அஞ்சற்காரர் நீட்டிய கடிதத்தை ஒரு பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டணம் ஒரு ஷில்லிங் தர வழியில்லை என்று மறுத்தாள். இரங்கிய கவிஞர், அவள் தடுத்தும் கேளாமல், தாமே காசு கொடுத்துக் கடிதத்தை வாங்கித் தந்தார். அஞ்சற்காரர் சென்றதும் அவள் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓரெழுத்தும் இல்லை. அண்ணன் நலமாயிருந்தால் வெற்றுத் தாளை அனுப்புவான். அவள் மேலுறையைப் பார்த்து அறிந்துகொண்டு திருப்பிவிடுவாள். இருவர்க்குமிடையே அப்படி ஓர் ஏற்பாடு. இந்நிகழ்ச்சியைப் பின்வந்தோர் ரோலண்டு ஹில்லே கண்டதாக மாற்றி எழுதிவிட்டனர். தமிழிலும் சிறுவர் நூல்களில் அப்படியே படித்த நினைவு எனக்கு உண்டு. கோல்ரிட்ஜின் கதையைக் கோல்ரிட்ஜிடமே விட்டுவிடுவோம். கவிதைக்கு உரிய பொருள் அது: எழுதாத கடிதம் தன் செய்தியைச் சொல்லிவிடுகிறது, ஆனால் சொன்ன செய்தி நலம் என்ற ஒன்றுக்குமேல் செல்ல முடிவதில்லை.

ஹில் இதைக் கவிஞராக அணுகவில்லை, கணக்கராக அணுகினார். அஞ்சல் சீர்திருத்தத்திற்காகப் பல ஆண்டுகள் குரலெழுப்பிய கிரீனாக் தொகுதி உறுப்பினர் ராபர்ட் வாலசு, 1836இல் அரசு அறிக்கைகளை மூட்டையாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அவற்றை ஹில் எண்ணெண்ணாகப் பிரித்துப் பார்த்தார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு அஞ்சல் வண்டி ஒருமுறை செல்ல ஆகும் செலவு ஏறத்தாழ 5 பவுன். அது சுமக்கும் அஞ்சலின் எடையைக் கொண்டு வகுத்தால் ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்லும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்கு. வாங்குவதோ பதின்மூன்றரைப் பென்னி. செலவு வழியில் இல்லை என்று அவர் கண்டார். ஒவ்வொரு கடிதத்திற்கும் தனித்தனியே கட்டணம் கணிப்பதிலும், பதிவதிலும், வாயில்தோறும் நின்று காசு வாங்குவதிலும், மறுத்த கடிதத்தைத் திருப்பிச் சுமப்பதிலுமே செலவு. தொலைவு பொருட்டன்று என்றால் நாடெங்கும் ஒரே கட்டணம் வைக்கலாம். கட்டணம் ஒன்றே என்றால் அதை முன்கூட்டியே வாங்கிவிடலாம். அரை அவுன்சு எடைக்கு ஒரு பென்னி. இவ்வளவுதான் அவர் கண்டது. கண்டபின் எளிது; அதற்குமுன் இருநூறு ஆண்டுகள் ஒருவர்க்கும் தோன்றவில்லை.

1837 ஜனவரியில் இதனைச் சிறு நூலாக எழுதி முதலில் தனிச்சுற்றில் விட்டார். பிப்ரவரி 13ஆம் நாள் அஞ்சல் விசாரணை ஆணையத்தின்முன் சான்றுரைத்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் முத்திரையிடாத கடிதத்தோடு அஞ்சலகம் வந்தால் என்ன செய்வது? முத்திரை கொள்ளும் அளவேயான சிறு தாள் துண்டின் பின்புறம் பசை தடவி வைத்திருந்தால், சற்று ஈரப்படுத்தி ஒட்டிவிடலாம் என்று ஹில் விடை கூறினார். அஞ்சல்தலை இப்படித்தான், ஒரு பெரிய திட்டத்தின் ஓரத்தில், எழுத்தறியாதவர் பொருட்டுச் சொன்ன துணை விடையாக வெளிப்பட்டது. அவர் பெரிதும் நம்பியது முத்திரை அச்சிட்ட உறைகளையே.

அஞ்சல் தலைவர் லிச்பீல்டு பிரபு இத்திட்டத்தைப் பகற்கனவினும் கீழானதாகத் தள்ளினார். துறைச் செயலாளர் மேபர்லி இறுதிவரை எதிர்த்தார். ஆனால் வணிகர் எழுந்தனர். லண்டன் வணிகர் குழுவொன்று அமைந்தது; ஹென்றி கோல் அதன் செயலாளராய்த் துண்டு வெளியீடுகளையும் இதழையும் பரப்பினார். 1839இல் மட்டும் நாடாளுமன்றத்தை வந்தடைந்த வேண்டுகோள்கள் ஈராயிரத்திற்கும் மேல். அவ்வாண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் சட்டத்திற்கு அரசியின் இசைவு கிடைத்தது. செப்டம்பரில் ஹில் கருவூலத்தில் அமர்த்தப்பட்டார். 1840 ஜனவரி 10ஆம் நாள் ஒரு பென்னி அஞ்சல் தொடங்கியது. அன்றே உறுப்பினர், பிரபுக்கள் அனைவரின் விலக்கும் ஒழிந்தது. அரசி விக்டோரியாவும் தம் சலுகையை விட்டுக்கொடுத்தார். பேசப்பட வேண்டிய நாள் அது. அஞ்சல்தலை வெளிவந்த நாளை எல்லோரும் கொண்டாடுகின்றனர். சலுகை ஒழிந்த நாளை நினைப்பாரில்லை. பெரியோரின் இறையிலி நீங்கிய அன்றுதான் பொதுமக்களின் இறையிலிக்கு வழி பிறந்தது.

முத்திரையின் வடிவத்திற்குக் கருவூலம் போட்டி அறிவித்தது; ஏறத்தாழ 2600 கருத்துகள் வந்தன. முழுமையாக ஏற்கத்தக்கது ஒன்றுமில்லை. வில்லியம் வையன் வடித்த 1837ஆம் ஆண்டுப் பதக்கத்தில் இருந்த இளம் விக்டோரியாவின் முகத்தையே அடிப்படையாகக் கொண்டு சார்லசு ஹீத்தும் மகன் பிரெடரிக்கும் எஃகில் செதுக்கினர். மனித முகத்தில் இழை சிறிது மாறினாலும் கண் உடனே கண்டுகொள்ளும். கள்ள அச்சைத் தடுக்க முகத்தினும் நல்ல காவல் இல்லை என்பது அன்றைய எண்ணம். ஒரு தாளில் 240 தலைகள். வரிசைக்குப் பன்னிரண்டு, இருபது வரிசை. ஒரு வரிசை ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுன். துளைக்கோடுகள் அப்போது இல்லை, கத்தரியால் வெட்டினர். மே முதல் நாள் விற்பனைக்கு வந்து, மே 6 முதல் செல்லுபடியான அக்கருப்புத் தலையில் நாட்டின் பெயர் இல்லை. இங்கிலாந்தின் தலைகளில் இன்றளவும் இல்லை.

தமிழில் நாம் அதைத் தலை என்கிறோம். 1854 அக்டோபர் முதல் நாள் இந்தியா முழுமைக்கும் அரையணாத் தலை வந்தபோது அதிலும் விக்டோரியாவின் தலையே இருந்தது. அம்முகத்தைப் பார்த்தே நம் முன்னோர் பெயரிட்டனர் எனக் கொள்வதே இயல்பு. ஈழத் தமிழர் முத்திரை என்பர். பிரெஞ்சுக்காரரின் தேம்ப்ரும் அதுவே. அரசியின் முகத்தைக் கண்டவர் ஒருவர், குத்தப்பட்ட அடையாளத்தைக் கண்டவர் ஒருவர், நீங்கிய கட்டணத்தைக் கண்டவர் எர்ப்பேன். ஒரு பொருளின் எப்புறத்தைப் பற்றிப் பெயரிடுவது என்பது பெயரிடுவோர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இங்கே தொலைவு நோக்காக் கட்டணம் வந்ததும் 1854இல்தான். கால் தோலா எடைக்கு அரையணா. குமரியிலிருந்து எழுதினும் பெஷாவரிலிருந்து எழுதினும் ஒன்றே. ஹில்லின் கணக்கு நம் ஊர்த் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது அப்படி.

ஹில் நம்பிய உறை என்ன ஆயிற்று? ஓவியர் வில்லியம் முல்ரெடி வரைந்த அதில் பிரிட்டானியா நடுவில் அமர்ந்து நாற்றிசைக்கும் தூதரை அனுப்புவாள். யானையும் ஒட்டகமும் உண்டு. நாடே நகைத்தது. கேலிப் படங்கள் வீதிதோறும் விற்றன. சில நாள்களிலேயே தம் நம்பிக்கை பிழைத்ததை ஹில் உணர்ந்து நாட்குறிப்பில் பதிந்தார். எஞ்சிய உறைகளை அழிப்பதே பெரும் பாடாயிற்று. துணை விடையாகச் சொன்ன தாள் துண்டு வென்றது.

கடிதங்கள் பெருகின. 1839இல் ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சமாக இருந்தவை 1840இல் 16 கோடியே 90 லட்சமாயின. ஆனால் ஹில்லின் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. ஐந்து மடங்கு பெருகினால் வருவாய் ஈடாகும் என அவர் கணித்தார். முதலாண்டில் பெருகியது இருமடங்கிற்குச் சற்றே மேல். 16 லட்சம் பவுனுக்கு மேலிருந்த நிகர வருவாய் 5 லட்சமாய் வீழ்ந்தது. பழைய நிலையை அது எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எதிரிகளுக்கு அது போதும். ஆட்சி மாறி ராபர்ட் பீல் பிரதமரானபின் 1842இல் ஹில்லின் பணி முடிக்கப்பட்டது. வழியைக் காட்டியவர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

லண்டன்–பிரைட்டன் இருப்புப்பாதை நிறுவனம் அவரை ஏற்றது. அங்கே தலைவராகி விரைவு வண்டிகளையும் ஞாயிறு உல்லாசப் பயண வண்டிகளையும் ஓட்டினார். மக்கள் திரட்டிய 13000 பவுன் நன்கொடை 1846இல் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே புதிய அரசு அவரை அஞ்சல் துறைக்கு மீட்டழைத்தது; ஆனால் மேபர்லியும் பதவியில் இருந்தார். ஒரே வீட்டில் இரு தலைவர். 1854இல்தான் ஹில் துறையின் முழுச் செயலாளரானார். 1860இல் சர் பட்டம் வந்தது.

அவரை இனிய மனிதராகக் காட்ட வேண்டியதில்லை. பிறர் கருத்தைப் பொறுக்கமாட்டார். சிறு குறையையும் விடமாட்டார். உடன்பிறந்தோரையே துறைக்குள் கொண்டுவந்தார் என்ற பழியும் உண்டு. எட்வின் முத்திரைப் பணியில் தேர்ந்தவர், உறை மடிக்கும் இயந்திரம் அமைத்தவர். பிரெடரிக் சிறைத்துறையிலிருந்து 1851இல் அஞ்சலுக்கு வந்தவர். தகுதியில்லாதவர் என்று இருவரையும் சொல்ல இயலாது. நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் ஹில்லின்கீழ்ப் பணியாற்றியவர். தெருவோர அஞ்சற்பெட்டி ஜெர்சித் தீவில் 1852இல் நிறுவப்பட்டது டிராலப்பின் முயற்சியால். இருவரும் அஞ்சலை நேசித்தனர், ஒருவரையொருவர் வெறுத்தனர். எண்களில் மட்டும் உலகைக் கண்டு, உடனுழைக்கும் மனிதரைக் காணாதவர் ஹில் என்பது டிராலப் தம் வாழ்க்கை வரலாற்றில் விட்டுச்சென்ற கருத்து. எழுத்தாளரை மேலதிகாரியாய் ஆள்வதில் உள்ள கேடு இது. கடைசிச் சொல் எழுத்தாளருடையதாகிவிடும். இருப்பினும் டிராலப் முழுதும் தவறாகச் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். ஹேசல்வுட்டின் மணியை அவர் ஒரு நாடு முழுமைக்கும் அடிக்க முயன்றார்.

உடல் நலிந்து 1864இல் ஹில் பதவி விலகினார். நாடாளுமன்றம் 20000 பவுன் வழங்கியது. அவர் செயலாளராய் இருந்த இறுதி ஆண்டுகளில் கடிதங்கள் ஆண்டுக்கு 60 கோடியைத் தாண்டியிருந்தன. அவர் அலுவலகம் நீங்கிய அதே ஆண்டின் நவம்பரில்தான் பாரிசில் எர்ப்பேன் தம் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்தார்.

அதற்குள் சேர்ப்போர் கூட்டம் பெருகியிருந்தது. முதல் நாளிலேயே தலைகளை நினைவுக்காக வாங்கி வைத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து விலங்கியலாளர் ஜான் எட்வர்டு கிரே என்பர். 1841இல் ஒரு பெண்மணி தம் ஒப்பனை அறையின் சுவர்களை மூடப் பயன்படுத்திய தலைகள் வேண்டுமென்று டைம்ஸ் இதழில் விளம்பரம் செய்தார். பதினாறாயிரம் முன்னரே சேர்த்திருந்தார். 1860 அளவில் பாரிசின் லக்சம்பர்க் தோட்டத்திலும் துய்லரி தோட்டத்திலும் சிறுவரும் முதியோரும் கூடித் தலைகளை மாற்றிக்கொண்டனர். பித்து என்ற பெயர் அவர்களுக்கு வாய்த்தது இந்நாள்களில். எர்ப்பேன் அவர்களுக்கு மதிப்புள்ள ஒரு பெயர் தேடினார். அவர் கையாண்ட வழி நம் சொல்லாக்கக்காரர் உற்றுநோக்கத் தக்கது. தலை வருமுன்னரே, கட்டணம் செலுத்திய கடிதத்தில் பிராங்கோ என்று எழுதும் வழக்கம் இருந்தது. விடுபட்டது என்பது அதன் பொருள். பிரெஞ்சில் கடிதத்திற்குத் தலையொட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல்லும் அடிமையை விடுவிப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஒன்றே. வழக்கில் இருந்த இக்கருத்தைத்தான் அவர் கிரேக்க உடையில் நிறுத்தினார். வானத்திலிருந்து பறித்ததன்று.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தேம்ப்ரோலோஜி முதலிய போட்டிச் சொற்கள் சில ஆண்டுகள் மோதின. 1869இல் லண்டனில் சேர்ப்போர் சங்கம் அமைந்தபோது பிலாடெலிக் என்ற பெயரையே சூட்டிக்கொண்டது. வழக்கு அத்தோடு முடிந்தது எனலாம். கிரேக்கம் வல்லோர்க்கு இன்றும் ஒரு நகைப்பு உண்டு. தெலோசு என்பதற்கு வரி என்பது ஒரு பொருள், முடிவு என்பது இன்னொரு பொருள். நம் இறை என்பது வரியையும் அரசனையும் கடவுளையும் குறிப்பது போல. ஆதலின் அதெலெயாவுக்கு முற்றுப்பெறாமை என்ற பொருளும் உண்டு. முற்றுப்பெறாமையின் காதலர்! ஏட்டில் இன்னும் ஓர் இடம் வெறுமையாய் இருக்கிறதே என்று உறக்கம் கெடும் சேர்ப்பாளர்க்கு இதனினும் பொருந்திய பெயர் கிடையாது. எர்ப்பேன் எண்ணாமல் வாய்த்த இரட்டுறமொழிதல் இது.

ஹில் 1879 ஜூனில் லண்டன் மாநகரின் சிறப்புக் குடிமகனாக ஏற்கப்பட்டார். ஆகஸ்டு 27ஆம் நாள் ஹாம்ப்ஸ்டெட்டில் தம் இல்லத்தில் மறைந்தார். வெஸ்ட்மினிஸ்டர் மடத்தில் அடக்கம் செய்தனர். அதன்பின்னும் வழக்கு ஓயவில்லை. ஒட்டுத்தலையின் எண்ணம் டண்டி நகரப் புத்தக வணிகர் ஜேம்சு சால்மர்சுக்கே முதலில் தோன்றியதென அவர் மகன் பல ஆண்டுகள் வாதாடினார். சால்மர்சு எழுதியவற்றில் கிடைப்பது 1838ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹில் சான்றுரைத்தது 1837இல். துண்டுத் தாளின் புகழ் எவர்க்காயினும் ஆகுக. நாடெங்கும் ஒரே கட்டணம் என்ற கணக்கில் பங்கு கேட்டவர் ஒருவருமில்லை. 1880இல் ஹில்லின் வாழ்க்கையை இரு தொகுதிகளாக வெளியிட்டவர் அவர் தம்பி மகன் ஜார்ஜ் பிர்க்பெக் ஹில். பாஸ்வெல் எழுதிய ஜான்சன் வரலாற்றை 1887இல் ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்து ஆங்கில இலக்கிய மாணவர்க்கெல்லாம் அறிமுகமானவர் அவரே.

நம் வட்டத்து மூத்த கவிஞர்கள் சிற்றிதழ்களுக்குக் கவிதை அனுப்பிய காலத்தை நினைக்கிறேன். கவிதையோடு தம் முகவரி எழுதித் தலையொட்டிய ஓர் உறையும் வைத்தனுப்ப வேண்டும். கவிதை ஏற்கப்படாவிடில் திரும்பி வருவதற்கு. நம் தோல்விக்கு நாமே முன்பணம் கட்டினோம் என்று அன்பர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். திரும்பி வந்த உறைக்கு அஞ்சற்காரரிடம் காசு தர வேண்டியிருக்கவில்லை. கிட்டர்மின்ஸ்டரின் அந்தத் தாய் அஞ்சியது போல் நம் அன்னையர் அஞ்சவில்லை.

எர்ப்பேனின் சொல்லுக்கு ஒரே ஓரிடத்தில் மட்டும் வரவேற்பில்லை. அவர் கடன்பெற்ற கிரேக்க நாட்டில் சேர்ப்பாளரைப் பிலோதெலிஸ்தீசு என்கின்றனர். அதெலெயாவின் முதலில் நின்று வரியை நீக்கிய அந்த அகரத்தை அவர்கள் எடுத்துவிட்டனர். அகரம் போனபின் அச்சொல்லுக்கு, எழுத்தளவில், கட்டணத்தை நேசிப்பவர் என்றே பொருள்.